வாழைநார் போட்ட பிரேக் லைனிங்: கொடைக்கானல் இறக்கத்துல தாங்குமா?

சோழவந்தான்_வாழை
எங்க பக்கம் தார் வெட்டி முடிச்சதும் மரத்தைச் சாய்ச்சு வரப்புல அழுக விடுறோம். மேலக்கால்ல கயிறு திரிக்கிறாங்க, அதுக்குப் போக மிச்சம் மலையாக் கிடக்கு. பிரேக் லைனிங்ல (மிதிச்சா வீலோட சுத்துற டிரம்முல உரசி வண்டிய நிறுத்துற பட்டை) கண்ணாடி இழை, அரமிட்ங்கிற செயற்கை இழைக்குப் பதிலா வாழைநார், கற்றாழை நார், தேங்காய் நார் சேர்க்கலாம்னு பல நாட்டுல ஆராய்ச்சி நடக்குது. இவ்வளவு நாரை வச்சுக்கிட்டு நம்ம மதுரைப் பக்கம் ஏன் சும்மா இருக்கணும்?

புதூர்_மெக்கானிக்
தம்பி, 26 வருஷமா பஸ், லாரிக்கு லைனிங் அடிக்கிறேன். கொடைக்கானல்ல இருந்து காட்ரோடு இறங்கி வர்ற வண்டிய ஓரங்கட்டி வீல்கிட்ட கையக் கொண்டு போய்ப் பாருங்க. ஒரு சாண் தள்ளியே அனல் அடிக்கும். கழட்டினா லைனிங் மூஞ்சி கண்ணாடி மாதிரி இறுகிப் பளபளன்னு இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அந்த மாதிரி ஆனா டிரைவர் மிதிச்சுக்கிட்டே இருப்பாரு, வண்டி வழுக்கிக்கிட்டே போகும். அதுக்குள்ள போய் வாழைநாரா? அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

பாலிமர்_மீனா
அண்ணே, நீங்க சொல்ற சூடு நிஜம். நார்ல இருக்கிற ஹெமிசெல்லுலோஸ்ங்கிற பொருள் 220 டிகிரி வாக்குலயே சிதைய ஆரம்பிக்கும். நாரோட முக்கியப் பொருளான செல்லுலோஸ் 315ல இருந்து 400க்குள்ள போயிரும். அரமிட் 500 பக்கம் வரைக்கும் நிக்கும். இதை நான் மறைக்கல.

ஆனா லைனிங் முழுக்க நார் இல்லையே. பாரைட், கிராஃபைட், அலுமினா மாதிரி தூள் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது ஃபீனாலிக் பிசின். அந்தப் பிசினே 300 டிகிரியைத் தாண்டினா தளர ஆரம்பிக்குது. நார் பெரும்பாலும் 5, 10 சதவீதம்தான். 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசல்ல ஊற வச்சுக் கழுவினா மெழுகும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பங்கும் போயிரும், பிசின் நல்லாப் பிடிக்கும்.

இன்னொண்ணு: முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயில செஞ்ச தூளை லைனிங்ல ரொம்ப காலமாவே போடுறாங்க. நீங்க இன்னிக்கு ரிவெட் அடிச்ச லைனிங்லயும் அது இருக்கலாம். செடி கொடி இதுக்குள்ள புதுசா வரல.

ஓய்வுபெற்ற_தரச்சோதகர்
முந்திரித் தூள் பத்திச் சொன்னது சரிதான். ஆனா வரலாற்றையும் பாருங்கம்மா. 1897ல இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃபுரூட் பிரேக் கட்டைக்குப் பொருள் தேட ஆரம்பிச்சப்போ பருத்தியில்தான் செஞ்சாரு. வண்டி வேகம் கூடக்கூட அது கருகிச்சு. அதனாலதான் 1908 வாக்குல ஆஸ்பெஸ்டாஸ்ங்கிற சூடு தாங்குற கனிம இழைக்குப் போனாங்க. நாரு தோத்த இடத்துலதான் ஆஸ்பெஸ்டாஸ் வந்துச்சு, அதை மறக்கக் கூடாது.

என் பெரிய கவலை வேற. வாழைநார் ஒரு தோட்டம் மாதிரி இன்னொரு தோட்டம் வராது. ரகம், தண்ணி, மரத்தோட வயசு, ஊறல் எல்லாத்துக்கும் தகுந்து மாறும். லைனிங் தொழில்ல நேத்து வார்த்ததும் இன்னிக்கு வார்த்ததும் ஒரே உராய்வு எண் (எவ்வளவு இறுகப் பிடிக்குதுங்கிற அளவு) காட்டணும். இடது வீல் ஒரு மாதிரியும் வலது வீல் ஒரு மாதிரியும் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுத்துரும்.

சோழவந்தான்_வாழை
ஐயா, அப்போ நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசியக் குடிக்கிறவங்க கதி? ஐரோப்பிய ஒன்றியம் 2005லயே அநேகமா முழுசாத் தடை போட்டுருச்சு. நம்ம நாட்டுல இன்னும் முழுத் தடை இல்ல.

புதூர்_மெக்கானிக்
தூசி வேணும்னு நான் வாதாடல தம்பி. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த மேஸ்திரி டிரம்மக் கழட்டினதும் ஏர் ஹோஸப் பிடிச்சு ஊதுவாரு. சாம்பல் கலர்ல புகை மாதிரி கிளம்பும், நாங்க சின்னப் பசங்க அதுலயே நிப்போம். கடைசி ரெண்டு வருஷம் அவரால படுத்துத் தூங்க முடியல, சாய்ஞ்சு உக்காந்துதான் மூச்சு விட்டாரு. எந்தத் தூசின்னு டாக்டர் யாரும் எழுதித் தரல, அதனால நானும் சொல்லமாட்டேன். இன்னிக்கு என் கடையில ஏர் ஹோஸ் டிரம் பக்கம் போகாது, ஈரத்துணிதான்.

ஆனா பஸ்ல 50 உசுரு உக்காந்திருக்கு. ரெண்டையும் நான் பாக்கணும்ல?

பாலிமர்_மீனா
மேஸ்திரிக்கு நேர்ந்தது மாதிரி யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் அண்ணே நானும் இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். மலைப் பஸ்ஸ விட்டுருவோம், அது என் வாதமே இல்ல. பேட்டரி ஆட்டோவ எடுங்க. ரீஜெனரேட்டிவ் பிரேக் இருக்கிற வண்டில மோட்டாரே பாதி வேகத்தக் குறைச்சுரும், லைனிங் அவ்வளவா சூடாகாது. தூசிக்கும் கணக்கு வந்தாச்சு: ஐரோப்பாவோட யூரோ 7 மாசு விதியில கார் பிரேக் தூசிக்கே கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம்னு வரம்பு வச்சிருக்காங்க.

புதூர்_மெக்கானிக்
பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏத்தி தெப்பக்குளத்துல இறக்குற ஆட்டோன்னா சூட்டப் பத்தி நான் பேசல. ஆனா ஐப்பசி மழைல ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்குமே, அதுல இறங்கித்தான் போகணும். நார் தண்ணி குடிச்சு உப்பினா டிரம்முல போய் ஒட்டிக்கும்.

பாலிமர்_மீனா
அது நியாயமான கேள்வி. காஸ்டிக் சோடால கழுவினாலும் நார் ஈரம் இழுக்கத்தான் செய்யும், பிசின் மூடாத வெட்டு முனைல இன்னும் கூடுதலா.

புதூர்_மெக்கானிக்
அப்ப உங்க லைனிங் அடிச்ச ஒரு பிரேக் ஷூவ ராத்திரி முழுக்க வாளித் தண்ணில போட்டு, காலைல எடையும் தடிமனும் அளந்து காட்டும்மா. வண்டில மாட்டுறதப் பத்தி அதுக்கப்புறம் பேசுவோம்.

பாலிமர்_மீனா
சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வர்றேன் அண்ணே. தடிமன் அளக்கிற வெர்னியர் எங்கிட்ட இருக்கு. நீங்க வழக்கமா அடிக்கிற லைனிங்ல ஒண்ணையும் அதே வாளில போடுவோம்.