கருத்தரங்க மேடையில் பதிவுத் திரை: வைக்கலாமா, வேண்டாமா?

தாமிரபரணி:
எங்கள் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பத் துறை சார்பில் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தப்போகிறோம், ஒருங்கிணைப்புக் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு ஹேஷ்டேக் அறிவித்து, அதில் வருகிற பதிவுகளைப் பேச்சாளருக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடவிட வேண்டும், எல்லா உரைகளையும் யூடியூபில் நேரலையாகப் போட வேண்டும் என்பது என் யோசனை. அரங்கில் 200 பேர்தான் உட்கார முடியும், வெளியே கேட்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். ஹேஷ்டேக்குக்கு 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸ்ஸினா ட்விட்டரில் யோசனை சொன்னபோது காட்டிய உதாரணமே பார்கேம்ப் என்ற கூடுகைதான். மூத்த பேராசிரியர்கள் தயங்குகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்லணை:
நேரலை பற்றி அப்புறம் பேசலாம். அந்தத் திரையைப் பேச்சாளர் முதுகுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள். 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ என்ற இணையத் தொழில்நுட்ப மாநாட்டில் டானா பாய்ட் பேசியபோது இதைத்தான் செய்தார்கள். சமூக வலைத்தளங்களையே ஆராய்ச்சி செய்கிறவர் அவர். பின்னால் ஓடுகிற ட்வீட் எதுவும் அவர் கண்ணில் படவில்லை, திடீர் திடீரென்று கூட்டம் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பதறி இன்னும் வேகமாகப் பேசினார், வேகமாகப் பேசுகிறார் என்று அதற்கும் திரையில் கிண்டல் வந்தது. பிறகு அவரே இதை விரிவாக எழுதினார். அவ்வளவு மேடை பார்த்தவருக்கே அந்த நிலை என்றால், முதல் கட்டுரை வாசிக்க வரும் உங்கள் முனைவர் பட்ட மாணவி என்ன ஆவார்?

தாமிரபரணி:
அது வடிகட்டாமல் ஓடவிட்டதால் வந்த வினை, திரையின் குற்றம் இல்லை. 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ட்விட்டர் நிறுவனமே பெரிய திரைகள் வைத்தது. அந்த நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 ஆக இருந்த ட்வீட்டுகள் 60,000 ஆயின. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று வந்தவர்கள் ட்வீட்டுகள் வழியாகத் தெரிந்துகொண்டார்கள்.

கல்லணை:
நீங்கள் சொன்ன உதாரணம் எனக்குத்தான் சாதகம். ஆஸ்டினில் திரைகள் இருந்தது நடைகூடத்தில், மேடையில் இல்லை. தேநீர் இடைவேளையில் நின்று படிக்கிறவன் யாருடைய பேச்சையும் கெடுப்பதில்லை. மேடைக்குப் பின்னால் ஓடினால் 200 பேரும் பேச்சை விட்டுவிட்டு எழுத்தைத்தான் படிப்பார்கள், கண் அங்கேதான் போகும். இடத்தை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தும்பை:
மாணவி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கல்லூரிக் கருத்தரங்குகளில் "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று மைக்கை நீட்டியதும் அரங்கம் அமைதியாகிவிடும், கடைசியில் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர்தான் எழுந்து கேட்பார். எங்களிடம் கேள்வி இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறினால் நம் துறைத்தலைவர் முன்னாலேயே மானம் போகும் என்ற பயம்தான். ஸ்லைடோ மாதிரி, செல்போனிலிருந்தே கேள்வி அனுப்பும் செயலி ஒன்றில் பெயர் போடாமல், தமிழிலேயே கேள்வியைத் தட்டிவிடலாம் என்றால் நிச்சயம் கேட்போம். மற்றவர்கள் எந்தக் கேள்விக்கு வாக்குப் போடுகிறார்கள் என்று பார்த்து அமர்வுத் தலைவர் அதை முதலில் எடுக்கலாம். செல்போனே கூடாது என்று தயவுசெய்து முடிவெடுத்துவிடாதீர்கள் கல்லணை சார்.

கல்லணை:
செல்போன் கூடாது என்று நான் சொல்லவே இல்லையம்மா. கேள்வி பேச்சு முடிந்த பிறகு, அமர்வுத் தலைவர் கை வழியாகப் பேச்சாளரிடம் போகட்டும். அதற்கு என் முழு ஆதரவு உண்டு.

நெய்தல்:
என் அச்சம் வேறு. இன்னும் வெளியாகாத ஆய்வு முடிவுகளைத்தான் இந்த மேடைகளில் காட்டுகிறோம். யாரோ ஒருவர் ஸ்லைடைப் படம் பிடித்துப் போட்டு, அதனால் காப்புரிமை கிடைக்காமல் போனால் என்ன செய்வது? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31வது பிரிவு, கற்றோர் அவையில் கண்டுபிடிப்பாளரே வாசித்த கட்டுரைக்கு, அதன் பிறகும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 2009இல் ஒரு மரபணுவியல் கூட்டத்தைச் சிலர் வலைப்பதிவில் எழுதப்போய், அதற்குப் பிறகு எழுதுவதற்கு முன் பேச்சாளரின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்தது. எல்லா உரையும் நேரலை என்றால் நான் பாதி ஸ்லைடுகளை எடுத்துவிட்டுத்தான் வருவேன். அப்போது நஷ்டம் அரங்கில் இருப்பவர்களுக்குத்தான்.

தாமிரபரணி:
தடை போட்டவர்கள் பட்டதையும் பாருங்கள் நெய்தல். 2017 ஜூனில் சான் டியாகோவில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தன் மாநாட்டு ஸ்லைடுகளை ட்வீட் செய்தவர்களிடம் நீக்கச் சொல்லிக் கேட்டது. உடனே கண்டனம் கிளம்பியது. சிகிச்சை பற்றிய தகவலை, வர முடியாத மருத்துவர் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதானே. இன்னொரு பக்கம், உரை மாநாடுகள் நடத்தும் டெட் அமைப்பு 2006இல் உரைகளை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. அதற்குமுன் பெரும் கட்டணம் கட்டி அரங்குக்கு வந்தவர்கள் மட்டுமே கேட்டவை அவை. 2012க்குள் 100 கோடிப் பார்வைகள் சேர்ந்தன, அதற்காக அரங்குக்கு வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை.

நெய்தல்:
டெட் உரை பொதுமக்களுக்காகவே தயாரித்து, பல முறை ஒத்திகை பார்த்துப் பேசுவது. ஆய்வுக் கட்டுரை அமர்வு அப்படி இல்லை. அதில் தவறுகள் இருக்கும், அவற்றைத் திருத்திக்கொள்ளத்தான் அங்கே வருகிறோம். தொடக்க உரையையும் சிறப்புரைகளையும் நேரலை போடுங்கள். மற்றவர்களிடம் ஒரு படிவத்தில் கேட்டுவிடுங்கள்: உரை பதிவு செய்யலாமா, ஸ்லைடு படம் எடுக்கலாமா என்று. வேண்டாம் என்றவர்களின் ஸ்லைடு மூலையில் ஒரு குறி இருக்கட்டும்.

ஏட்டுச்சுவடி:
எல்லோரும் அந்த இரண்டு நாட்களைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆறு மாதம் கழித்து இணையத்தில் என்ன மிஞ்சும்? மாநாட்டு ட்வீட்டுகளைத் தொகுத்து வைக்க ஒரு காலத்தில் ஸ்டோரிஃபைதான் பலருக்கும் கை கொடுத்தது. 2018 மே மாதம் அதை மூடினார்கள், வேறிடத்தில் எடுத்து வைக்காதவர்களின் தொகுப்பெல்லாம் போயிற்று. 2023இல் ட்விட்டர் தன் ஏபிஐயை, அதாவது வேறு மென்பொருள்கள் அதன் பதிவுகளை எடுக்க உதவும் இணைப்பு வழியை, கட்டணமாக்கியதும் இலவசப் பதிவுத் திரைக் கருவிகள் பலவும் முடங்கின. ஆகவே முகநூலில் போடுங்கள், யூடியூபில் போடுங்கள், ஆனால் மூலப்பிரதி கல்லூரியின் சொந்தத் தளத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். நம் கல்லூரிகளின் முகநூல் பக்கங்களைத் திறந்தால் குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், நினைவுப்பரிசு வாங்கும் படம். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இருக்காது. வெளியூரில் இருக்கிறவன் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஒவ்வொரு உரைக்கும் ஒரு மாணவரை நியமித்து, தமிழில் பத்து வரிச் சுருக்கம் எழுதச் சொல்லி, பேச்சாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி அன்று மாலையே ஏற்றுங்கள்.

தும்பை:
சுருக்கம் எழுதுகிறவர் பெயரையும் போடச் சொல்லுங்கள் ஏட்டுச்சுவடி ஐயா. பெயர் வரும் என்றால் எங்கள் வகுப்பில் போட்டி போட்டு வருவார்கள்.

தாமிரபரணி:
சரி, திரையை உணவுக்கூட வாசலுக்கு மாற்றுகிறேன். அனுமதிப் படிவமும் தமிழ்ச் சுருக்கமும் குழுவில் வைக்கிறேன். ஆனால் கட்டுரை அமர்வுகளிலும் விருப்பமுள்ளவர்களுக்காவது நேரலை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. கிராமத்துக் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளை தன் வயதுக்காரி ஒருத்தி ஆய்வு சொல்வதைப் பார்க்கட்டும் நெய்தல், சிறப்புரைகளில் அது கிடைக்காது.

நெய்தல்:
விருப்பம் என்று படிவத்தில் எழுதுவீர்கள், வழிகாட்டிப் பேராசிரியர் "போட்டால் என்ன?" என்று கேட்டால் எந்த மாணவி மறுப்பாள்? அந்தப் படிவம் வழிகாட்டி கைக்குப் போகாமல் நேராக உங்கள் குழுவுக்கு வரும்படி செய்யுங்கள். அப்போதுதான் நான் ஒப்புக்கொள்வேன்.

கல்லணை:
உணவுக்கூடத் திரைக்கும் கேள்விகளுக்கும் வடிகட்ட ஒரு ஆள் வேண்டும். அன்று வேறு எந்த வேலையும் இல்லாத ஆளாகப் பாருங்கள், பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.