ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் + உபுண்டு: கேஷ்கள் ஏறவே மாட்டேன் என்கின்றன, உதவி தேவை

பெட்டிதேடி

வணக்கம். கருவி கார்மின் ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் என்ற கையடக்க ஜிபிஎஸ். லேப்டாப்பில் உபுண்டு 22.04. விண்டோஸ் இல்லை, போடுகிற எண்ணமும் இல்லை. ஜியோகேஷிங் (ஜிபிஎஸ் வைத்து ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டு, அந்தப் பெட்டிதான் கேஷ்) தளத்தில் பாக்கெட் கொயரி, அதாவது கேஷ் பட்டியலை மொத்தமாக இறக்கும் ஜிப் ஃபைல், எடுத்தேன். ஜிப்பைப் பிரித்தால் இரண்டு ஜிபிஎக்ஸ் (புள்ளிகளும் பாதைகளும் எழுதும் வடிவம்) ஃபைல்கள் வந்தன. இதுவரை முயன்றது:

கேபிளைச் செருகினால் ஃபைல் மேனேஜரில் எதுவும் தெரியவில்லை. கருவியில் செட்டப், இன்டர்ஃபேஸ், யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்று போனால் ஒரு டிரைவ் வருகிறது. அதிலிருக்கும் கார்மின் ஃபோல்டரில் ஜிபிஎக்ஸை காப்பி செய்து, எஜெக்ட் பண்ணி, கருவியைத் திரும்ப ஆன் செய்து பார்த்தேன். ஃபைண்ட், ஜியோகேஷ் பக்கம் காலி.

ஜிபிஎஸ்பேபல் (கணினிக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் இடையே தரவை மாற்றும் மென்பொருள்) போட்டும் பார்த்தேன். 'கார்மின்_ஜிபிஎஸ்' என்கிற கர்னல் டிரைவர் குறுக்கே நிற்பதாக எரர் வருகிறது. கேபிள் மாற்றியும் அதேதான். எங்கே தப்பு?

டெர்மினல்_திண்ணை

மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. முதலில் ஃபோல்டர் கதையை முடித்துவிடுவோம்.

60சிஎஸ்எக்ஸ் ஜிபிஎக்ஸ் ஃபைலைப் படிக்காது. மாஸ் ஸ்டோரேஜில் உங்களுக்குத் தெரிகிற டிரைவ் உள்ளே இருக்கும் மைக்ரோஎஸ்டி கார்டு மட்டும்தான். அந்தக் கார்டிலிருந்து கருவி எடுத்துக்கொள்வது மேப்பை. அதில் எழுதிவைப்பது டிராக்கை, அதாவது நடந்த பாதையின் பதிவை. வேபாயிண்ட்டும் (குறித்துவைத்த புள்ளி) கேஷும் கருவியின் சொந்த மெமரியில் இருக்கின்றன. அங்கே போக ஒரே வழி, கேபிள் வழியாக கார்மினின் சொந்த புரோட்டோகால். ஃபோல்டரில் ஜிபிஎக்ஸை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது இட்ரெக்ஸ் 20, ஆரிகன் மாதிரி பிந்தைய கருவிகளுக்கு. ஆகவே மாஸ் ஸ்டோரேஜை விட்டு வெளியே வாருங்கள்: எஜெக்ட் செய்து கேபிளைப் பிடுங்கினால் போதும். அடுத்தமுறை சாதாரணமாக ஆன் செய்து அப்படியே செருகுங்கள். ஃபைல் மேனேஜரில் எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது.

இப்போது டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுங்கள். (கமாண்டுகளை ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.) 091இ, முக்காற்புள்ளி, 0003 என்ற எண்ணோடு கார்மின் வரி வரவேண்டும். அந்த 'இ' ஆங்கில எழுத்து. வரி வரவில்லை என்றால் கேபிள் சார்ஜிங் மட்டும் செய்கிற ரகம். மினி யூஎஸ்பி கேபிள்களில் அது நிறைய உண்டு. உங்களுக்கு டிரைவர் எரர் வரைக்கும் வந்திருப்பதால் கேபிள் நல்லதுதான், அதைத் தொடவேண்டாம்.

அடுத்து டிரைவர். கருவியைப் பார்த்ததும் லினக்ஸ் கர்னல் தானாகவே 'கார்மின்_ஜிபிஎஸ்' மாட்யூலை ஏற்றி, அதை ஒரு சீரியல் போர்ட்டாகக் காட்டும். லேப்டாப்பில் மேப் நகர்த்திப் பார்ப்பவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. ஜிபிஎஸ்பேபல் நேரடியாக யூஎஸ்பியில் பேசப் பார்க்கிறது. ஒரு கருவியை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் யாருக்கும் கிடைக்காது.

இப்போதைக்கு: 'சூடோ மோட்ப்ரோப்', ஒரு இடைவெளி, ஹைஃபனும் ஆரும் சேர்த்து, ஒரு இடைவெளி, 'கார்மின்_ஜிபிஎஸ்'. நடுவே வருவது அண்டர்ஸ்கோர். மாட்யூல் இறங்கிவிடும், ஆனால் ரீபூட் செய்து செருகினால் திரும்ப ஏறிக்கொள்ளும்.

நிரந்தரமாக: ரூட் டைரக்டரியின் கீழ் 'இடிசி', அதற்குள் 'மோட்ப்ரோப்.டி' ஃபோல்டர். அங்கே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, 'ப்ளாக்லிஸ்ட் கார்மின்_ஜிபிஎஸ்' என்ற ஒரே வரியை எழுதுங்கள். ஃபைல் பெயர் என்னவாகவும் இருக்கலாம், ஆனால் கடைசியில் 'டாட் கான்ஃப்' இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அதைத் திறந்துகூடப் பார்க்காது. இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம்.

பெட்டிதேடி

நன்றி அண்ணா. டிரைவர் எரர் போய்விட்டது. இப்போது பெர்மிஷன் இல்லை என்கிறது. சூடோ போட்டு ஓட்டினால் வேலை செய்கிறது. இப்படியே விட்டுவிடலாமா?

டெர்மினல்_திண்ணை

விடலாம், ஆனால் ஜிபிஎஸ்பேபலின் ஜன்னல் வடிவத்தை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டுவது தலைவலி. யூடெவ் (செருகும் கருவிகளுக்கு அனுமதி அமைக்கும் லினக்ஸ் பகுதி) விதி ஒன்று எழுதிவிடுங்கள். ஒரே வரி.

'இடிசி' உள்ளே 'யூடெவ்', அதற்குள் 'ரூல்ஸ்.டி'. ஃபைல் பெயர் 51-கார்மின் என்று வைத்து, முடிவில் 'டாட் ரூல்ஸ்'. வரியில் மூன்று துண்டுகள், நடுவில் காற்புள்ளி. முதல் துண்டு: 'ஏடிடிஆர்எஸ்' என்று பெரிய எழுத்தில், அடுத்து சுருள் அடைப்புக்குள் 'ஐடிவெண்டர்', சமக்குறி இரண்டு, மேற்கோளுக்குள் 091இ. இரண்டாவது துண்டு: அதே வடிவம், 'ஐடிவெண்டர்' இடத்தில் 'ஐடிபிராடக்ட்', எண் 0003. மூன்றாவது துண்டு: பெரிய எழுத்தில் 'மோட்', சமக்குறி ஒன்றே ஒன்று, மேற்கோளுக்குள் 666.

சமக்குறியைக் கவனியுங்கள். இரண்டு போட்டால் 'இது பொருந்துகிறதா' என்ற சோதனை, ஒன்று போட்டால் 'இப்படி மாற்று' என்ற உத்தரவு. மோடுக்கு இரண்டு போட்டுவிட்டால் விதி சத்தமே இல்லாமல் செத்துக்கிடக்கும். ஐடிவெண்டரில் 'வி'யும் ஐடிபிராடக்டில் 'பி'யும் மட்டும் பெரிய எழுத்து, எண்ணில் வரும் 'இ' சின்னது.

சேமித்த பிறகு 'யூடெவ்ஆட்மின்' வழியாக விதிகளை ரீலோட் செய்யுங்கள், அல்லது ரீபூட். கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகினால்தான் புது விதி பிடிக்கும்.

பிறகு ஜிபிஎஸ்பேபல் ஜன்னலில் இன்புட்: ஃபைல், ஜிபிஎக்ஸ் எக்ஸ்எம்எல். அவுட்புட்: டிவைஸ், கார்மின் சீரியல்/யூஎஸ்பி புரோட்டோகால். டிவைஸ் பெயர்: 'யூஎஸ்பி' என்று எழுதி முக்காற்புள்ளி. டிரான்ஸ்லேஷன் ஆப்ஷன்களில் வேபாயிண்ட்ஸ் டிக் மட்டும் இருக்கட்டும், ரூட்ஸும் (வழிகள்) டிராக்ஸும் வேண்டாம்.

கல்லிடுக்கு

ஜிப்பிலிருந்து வந்த இரண்டு ஃபைலையும் ஏற்றுங்க. பெயர் வால்ல 'டபிள்யூபிடிஎஸ்' இருக்கிறதுல பார்க்கிங், பாதை தொடங்குற இடம் மாதிரி கூடுதல் புள்ளிகள் இருக்கும். பலரும் அதை விட்டுட்டு, மலைக்கு எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியாம முழிப்பாங்க.

பெட்டிதேடி

ஓடுகிறது! ஆனால் 1000 கேஷ் இருக்கும் கொயரியை அனுப்பினால் பாதியில் மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. கருவியில் ஏற்கெனவே பழைய வேபாயிண்ட் முன்னூறு சொச்சம் இருக்கிறது.

கல்லிடுக்கு

கணக்கு நேர்தான். இந்தக் கருவி கொள்றது 1000 வேபாயிண்ட். கேஷ், பார்க்கிங், உங்க வீடு, எல்லாம் சேர்த்து 1000. தளம் ஒரு கொயரியில அதிகபட்சம் தர்றதும் 1000. அப்ப இடிக்கத்தானே செய்யும்.

கொயரியையே 500-க்கு எடுக்கலாம். அதைவிட ஃபில்டர் நல்லது: ஜிபிஎஸ்பேபல்ல ஃபில்டர்ஸ், வேபாயிண்ட்ஸ், ரேடியஸ். நடுப்புள்ளியோட அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை கிலோமீட்டர்னு கொடுத்தா அந்த வட்டத்துக்குள்ள இருக்கிறது மட்டும் ஏறும். ஒரு நாள் நடைக்கு 15 கிலோமீட்டர் வட்டம் தாராளம். அங்க ஆயத்தை டெசிமல் டிகிரியில கொடுக்கணும். கேஷ் பக்கத்துல இருக்கிற டிகிரி-நிமிஷ வடிவத்தை அப்படியே போட்டுடாதீங்க.

உதாரணம்: வடக்கு 13° 05.250' என்றால் 5.250-ஐ 60-ஆல் வகுத்து 13.0875. இதை 13.05250-னு எழுதிட்டா வட்டத்தோட நடு கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் தெற்கே போயிடும். ஃபில்டர் எந்த எரரும் காட்டாது, வேற ஊர் கேஷை ஏற்றிவிட்டுட்டு சமர்த்தா உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை_மட்டும்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், அதே 60சிஎஸ்எக்ஸ்தான். கேபிளில் ஏற்றிய கேஷ்கள் சரியான இடத்தில் இருக்கின்றன. பல புள்ளிகள் வழியாகப் போகும் மல்டி கேஷின் கடைசிப் புள்ளியைக் கையால் தட்டினால் மட்டும் 200 மீட்டர் போல தள்ளிப்போகிறது. சென்னைப் பக்கம் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். கருவி பழுதா?

டெர்மினல்_திண்ணை

பழுதில்லை. கேபிளில் வந்தது சரி, கையால் தட்டியது தப்பு என்பதிலேயே விடை இருக்கிறது. செட்டப், யூனிட்ஸ் பக்கத்தில் மேப் டேட்டம் (ஆயங்களை எந்தப் பூமி மாதிரியின்படி அளப்பது என்ற அமைப்பு) பாருங்கள். 'இந்தியன்' என்று தொடங்கும் ஏதோ ஒன்றில் இருக்கும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டோடு (நிலவரைபடம்) ஒத்துப்பார்க்க யாராவது மாற்றியிருப்பார்கள். அந்த ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. சென்னை அட்சரேகையில் அதற்கும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-க்கும் வித்தியாசம் 200 மீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

ஜிபிஎஸ்பேபல் எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84-இல்தான் அனுப்பும். திரை எந்த டேட்டத்தில் இருந்தாலும் கருவி அதைச் சரியாக வாங்கிக்கொள்ளும். கையால் தட்டும் எண்ணை மட்டும் திரையில் இருக்கும் டேட்டத்தின்படி படிக்கும். டேட்டத்தை டபிள்யூஜிஎஸ் 84 ஆக்குங்கள். பொசிஷன் ஃபார்மட்டை டிகிரி, டெசிமல் நிமிஷம் என்று வையுங்கள், கேஷ் பக்கத்தில் இருப்பதும் அதே வடிவம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால், அதாவது 0.001 நிமிஷம், வடக்கு-தெற்கில் 1.85 மீட்டர். தப்பாகத் தட்டிய பழைய புள்ளிகள் தானாகத் திருந்தாது, அழித்துவிட்டுத் திரும்பத் தட்டவேண்டும்.

2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ் 84-இல்தான் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் டேட்டத்தைத் தொடவே வேண்டாம்.

மேக்_நடையர்

என்னிடம் இட்ரெக்ஸ் 20, கணினி மேக். இதில் ஃபோல்டரில் இழுத்துப் போடுவது வேலை செய்கிறது. பழைய ஜிபிஎக்ஸ்களை அழித்தபிறகும் இடம் நிறைந்தே இருக்கிறது, ஜிபிஎக்ஸ் ஃபோல்டரிலும் நான் போடாத ஃபைல்கள் கிடக்கின்றன.

கல்லிடுக்கு

அழிச்சது போகலைங்க, குப்பைத்தொட்டியில இருக்கு. மேக் அந்தத் தொட்டியை இட்ரெக்ஸுக்குள்ளேயே மறைவா வெச்சிருக்கும். கருவி செருகியிருக்கும்போதே டிராஷை காலி பண்ணுங்க, அப்புறமா எஜெக்ட். அடுத்த தடவை ஆப்ஷன், கமாண்ட், டெலீட் மூணையும் சேர்த்து அழுத்தினா தொட்டிக்குப் போகாமலே அழியும். லினக்ஸ்லயும் இதே வியாதிதான்: 'டிராஷ்-1000'-னு ஒரு மறைவு ஃபோல்டர். கண்ட்ரோல்+எச் போட்டா தெரியும். ஷிஃப்ட்+டெலீட் பழகிக்குங்க.

நீங்க போடாத ஃபைல்கள் புள்ளியும் அண்டர்ஸ்கோரும் போட்டுத் தொடங்குதா? அது மேக் தன் சௌகரியத்துக்கு எழுதுற ஒட்டு ஃபைல். பேர் ஜிபிஎக்ஸ்னு முடிஞ்சாலும் உள்ளே கேஷ் எதுவும் கிடையாது. 'டாட்_க்ளீன்' கமாண்டை ஹைஃபன்-எம் சேர்த்து அந்த டிரைவ்மேல ஓட்டினா மொத்தமா போயிடும்.

இன்னொண்ணு. ஜிபிஎக்ஸை உள் மெமரிக்குப் பதிலா மைக்ரோஎஸ்டி கார்டுல கார்மின் ஃபோல்டர், அதுக்குள்ள ஜிபிஎக்ஸ் ஃபோல்டர்னு உண்டாக்கிப் போடுங்க. இட்ரெக்ஸ் 20 அதையும் படிக்கும். எஜெக்ட் பண்ணாம கேபிளைப் பிடுங்கி ஃபைல் அறுந்துபோனா, கார்டைக் கழற்றினாலே கருவி நிம்மதியா ஆன் ஆகும். இட்ரெக்ஸ் 10-ல கார்டு இடமே இல்லை, அதுக்கு இது உதவாது.

மேக்_நடையர்

தொட்டிதான் சார், காலி செய்ததும் இடம் வந்துவிட்டது. கண்டுபிடித்த கேஷ்களின் பட்டியல் 'ஜியோகேஷ்_விசிட்ஸ்' ஃபைலில் இருப்பதாகப் படித்தேன். டெர்மினலில் திறந்தால் எழுத்துக்கு எழுத்து இடையில் ஏதோ குப்பை.

டெர்மினல்_திண்ணை

ஃபைல் கெடவில்லை. அது யூடிஎஃப்-16 லிட்டில் எண்டியன் என்ற எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். படிக்கவேண்டுமானால் 'ஐகான்வ்' கமாண்டைக் கொண்டு யூடிஎஃப்-8 நகல் ஒன்று எடுத்துப் படியுங்கள். தளத்தில் டிராஃப்ட்களாக (பதிவு வரைவுகளாக) ஏற்றும்போது மூலத்தையே கொடுங்கள், நகலை வேண்டாம்.

பெட்டிதேடிக்கு: 60சிஎஸ்எக்ஸில் இந்த ஃபைல் கிடையாது. 'ஃபவுண்ட்' அழுத்தினால் வேபாயிண்ட்டின் சின்னம் 'ஜியோகேஷ் ஃபவுண்ட்' ஆக மாறும், அவ்வளவுதான். ஜிபிஎஸ்பேபலில் இன்புட்டையும் அவுட்புட்டையும் திருப்பிப் போட்டு வேபாயிண்ட்களை ஜிபிஎக்ஸாக இறக்கி, அந்தச் சின்னத்தைத் தேடினால் பட்டியல் கிடைக்கும்.

பெட்டிதேடி

கிடைத்தது. கடைசியாக ஒன்று: டிராக்கை கருவியில் 'சேவ்' செய்து இறக்கினேன். நேரமே இல்லை, வளைவுகளும் வெட்டி ஒட்டியதுபோல இருக்கின்றன.

டெர்மினல்_திண்ணை

சேவ் செய்தால் இந்தக் கருவி டிராக்கை 500 புள்ளிகளுக்குச் சுருக்கி, நேரத்தையும் உதிர்த்துவிடும். ஆக்டிவ் லாக் (நடக்கும்போதே ஓடும் பதிவு) 10,000 புள்ளி வரை நேரத்தோடு வைத்திருக்கும். அதனால் சேவ் செய்யாமல், லாக்கை அழிக்கும் முன்பே ஜிபிஎஸ்பேபலில் டிராக்ஸ் டிக் போட்டு இறக்கிவிடுங்கள். இன்னும் சுலபம்: டிராக்ஸ் பக்கம், செட்டப், டேட்டா கார்டு செட்டப், அங்கே 'லாக் டிராக் டு டேட்டா கார்டு' டிக். நாளுக்கு ஒரு ஜிபிஎக்ஸ், தேதியே பெயராக, கார்டில் விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் முதல் பதிவில் போன அந்த மாஸ் ஸ்டோரேஜுக்கு இங்கேதான் வேலை.