இரவு 11 மணிப் பசியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். எடை குறைக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பகலில் சிக்கலே இல்லை. இரவு 8 மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். ஆனால் 11 மணி ஆனால் போதும், கால் தானாகச் சமையலறைக்குப் போகிறது. பிஸ்கட், வறுத்த கடலை, கையில் எது கிடைத்தாலும் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். 30 கிராம் கடலையிலேயே ஏறக்குறைய 170 கலோரி. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்தது வீணாகிவிடுகிறதே என்று மனசு கஷ்டமாக இருக்கிறது.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும் என்று படித்தேன். என் விஷயத்தில் சரிதான்; 10 மணிக்கே படுத்த நாட்களில் இந்தத் தொல்லை வருவதில்லை. வேலை காரணமாக அது தினமும் முடிவதில்லை.

தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பல் துலக்கியும் பார்த்தேன், அரை மணி நேரம்தான் தாங்கியது. இரவு உணவை அதிகம் குறைத்ததுதான் தப்போ? அதில் புரதம் கூட்டினால் பசி தள்ளிப்போகுமா? இல்லை, 11 மணிக்கென்றே சின்னதாக ஒன்றை ஒதுக்கி வைக்கலாமா?

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. இதிலிருந்து மீண்டவர்கள், குறிப்பாக இரவில் கண்விழித்து வேலை செய்பவர்கள், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.