கழுவினால் போகாத பூச்சிமருந்தை என்ன செய்வது?

நண்பர்களே, காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நறுக்குகிறேன். மேலே படிந்த மருந்து ஓரளவு போய்விடும், சரி. ஆனால் இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துகள்? 2017-இல் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், 1 சதவீத சமையல் சோடா கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் மேற்பரப்பு மருந்து நீங்கியது. தோலுக்குள் இறங்கியது நீங்கவில்லை. (தினமும் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது!)

அப்புறம், என்னை உண்மையில் உறுத்துவது மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து. சூடாக்கும்போது அதில் ஒரு பகுதி எத்திலீன் தயோயூரியா என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. அப்படியானால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடலாமா? சத்தும் சேர்ந்து போகுமே. தோல் சீவ முடியாத கீரை, முட்டைக்கோசுக்கு என்ன செய்கிறீர்கள்? உணவு வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.