ஏல அட்டவணையில் ‘ஜி.வி.எஃப்., எக்ஸ்-மவுண்ட், டூல்ட்’ என்றால் என்ன?

கேள்வி
1911ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. குறிப்பு இப்படி: ‘11.61 கிராம், 12 ஹெச், ஜி.வி.எஃப்., எக்ஸ்-மவுண்ட், லைட்லி டூல்ட், ரேர்.’ ‘குட் வெரி ஃபைன்’ என்றால் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1
அந்தச் சொற்கள் தேய்மானத்தை மட்டுமே சொல்கின்றன. ‘ஃபைன்’ என்பதே நன்றாகத் தேய்ந்த காசு. தனியாக ‘குட்’ என்று போட்டால் அதைவிட மோசம், உருவத்தின் வெளிக்கோடுதான் மிஞ்சியிருக்கும். ஆனால் வேறொரு தரத்துக்கு முன்னால் ‘குட்’ வந்தால் அந்தத் தரத்தைவிடச் சற்று மேல் என்று பொருள். ஆக ஜி.வி.எஃப். என்பது வி.எஃப்.பைவிடக் (வெரி ஃபைன்) கொஞ்சம் மேல், ஈ.எஃப்.புக்குக் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) கீழ்.

விலையை நிர்ணயிப்பது காற்புள்ளிக்குப் பிறகு வருவதுதான். எக்ஸ்-மவுண்ட் என்றால் பொடி (ஒட்டவைக்கும் உலோகப் பற்றாசு) வைத்து ஊதி வளையம் பொருத்தி, நகையாகக் கிடந்த காசு. பிறகு வளையத்தை எடுத்து, தடத்தை ராவியிருப்பார்கள். ரூபாயின் நிர்ணய எடை 11.66 கிராம். பொடி மிஞ்சினால் எடை கூடும், ராவினால் குறையும். இரண்டும் சேர்ந்து சரிக்கட்டிவிடும் என்பதால் 11.61ஐ மட்டும் நம்பவே கூடாது. விளிம்பின் வரிகள், முக்கியமாகத் தலைக்கு நேர் மேலே, எங்காவது மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏலப் படங்களில் இரு முகங்கள்தான் இருக்கும். விளிம்புப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2
இந்தக் காசில் என்னை உறுத்துவது ‘டூல்ட்’தான். தேய்ந்த இடத்தை உளியால் செதுக்கித் தெளிவாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; ‘லைட்லி’ என்ற சொல் ஆறுதல் அல்ல. ‘பன்றி ரூபாய்’ என்று பேர் வாங்கியது 1911தான்: மன்னர் அங்கியிலுள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி, 1912இல் யானையைத் திருத்தினார்கள். எனவே வருடத்தின் கடைசி 1, யானை, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். நீண்ட தும்பிக்கையோடு 1911 என்றிருந்தால் வருடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

12 ஹெச் என்பது முன்பக்கத்தை ஒப்பிட்டால் பின்பக்கத்தின் மேல்புறம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கடிகார மணியாகச் சொல்வது; அதில் குறை எதுவும் இல்லை. காசை இடவலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்கும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களுக்கு அதுவே வழக்கம். தலைகீழாக நின்றால் 6 ஹெச்.

பதில் 3
‘ரேர்’ என்பது விற்பவரின் கணிப்பு, அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. விலை கேட்கும் முன் ஏல நிறுவனத்தின் கமிஷனையும் வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். சுத்தியல் விலையில் (ஏலம் முடியும்போது அறிவிக்கும் கடைசிக் கேட்பு விலை) அவை சேராது.