பெல்லட் கிரில்ல அவசர சமையல் ஆகுமா ஆகாதா?

ஏழரைமணிப்பசி:
வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சேர்றதே ஏழரை. எட்டேகாலுக்குள்ள தட்டுல சாப்பாடு இருக்கணும், இல்லன்னா வீட்ல இருக்கற வாண்டு பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சுரும், அப்புறம் சாப்பிடவே சாப்பிடாது. போன வருஷம் ஆசைப்பட்டு ஒரு பெல்லட் கிரில் (அழுத்தின மரத்தூள் குச்சிய எரிச்சு சமைக்கற அடுப்பு) வாங்கினேன், லீவு நாள்ல எட்டு மணி நேரம் ஒன்பது மணி நேரம்னு புகைல போட்டு வேகவைக்க அது தங்கம், அதுல குறையே சொல்ல மாட்டேன். நேத்து அதையே வெச்சு சீக்கிரமா முடிச்சிரலாம்னு முக்கால் இஞ்ச் ஸ்டேக் ரெண்டு எடுத்து வெச்சு, டயல கடைசி வரைக்கும் திருப்பி 260 டிகிரில விட்டேன். டிஸ்ப்ளேல 260 வர்றதுக்கே 27 நிமிஷம். வந்ததுக்கப்புறம் கறிய கம்பி மேல போட்டா ஒரு "சொய்ங்" சத்தம் கூட வரல, சும்மா படுத்துக்கிச்சு. உள்ள வெந்துருச்சு, வெளிய மட்டும் நனைஞ்ச அட்டை மாதிரி ஒரு சாம்பல் கலர். இதுல வேலை நாள் ராத்திரி அதிக சூட்டுல யாராவது சமைக்கறீங்களா, இல்ல கேஸ் கிரில் ஒண்ணு தனியா வாங்கிரலாமா?

தணல்தாசன்:
கோவிச்சுக்காதீங்க, நீங்க வாங்கினது கிரில்லே இல்ல. வெளிய நிக்கற ஓவன். அடில ஒரு டம்ளர் சைஸுக்கு ஃபயர்பாட், அதுக்குள்ள தான் மொத்த நெருப்பும். அதுக்கு மேல ஒரு இரும்புத் தகடு, அதுக்கு மேல கிரீஸ் ட்ரே, அதுக்கும் மேல தான் உங்க கம்பி. ஃபேன் சூடான காத்த சுத்தி சுத்தி விடுது, அவ்ளோ தான். கறி நெருப்பக் கண்ணால கூட பார்க்கறதில்ல. கரித் தணல் 700 டிகிரிக்கு மேல இருக்கும், அந்த சிவப்பு நேரா கறி மேல அடிக்கும், அது வேற கதை. 260 டிகிரி காத்தும் 700 டிகிரி தணலும் ஒண்ணாகுமா? கேஸ் வாங்குங்க, நிம்மதியா இருங்க.

பெல்லட்பித்தன்:
வந்துட்டாருய்யா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், இது ஏழரை பாஸ உங்கள சொல்லல, மெஷினக் குறை சொல்றவங்கள சொல்றேன். நான் மூணு வருஷமா வாரத்துல நாலு நாள் ராத்திரி இதுல தான் சமைக்கறேன். நீங்க பண்ண தப்பு ரெண்டு. ஒண்ணு, வெறும் கம்பி மேல போட்டது, அந்தக் கம்பி ஒல்லி, அதுல தேங்கற சூடே கொஞ்சம், குளிர்ந்த கறி பட்ட உடனே அது செத்துரும், அதனால தான் சத்தம் வரல. கனமான காஸ்ட் அயர்ன் சட்டி ஒண்ண கிரில் பத்த வைக்கும்போதே உள்ள வெச்சு மூடிருங்க, அந்த 27 நிமிஷமும் இரும்பு சூட்டக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, கறி ஈரமா இருந்திருக்கும். மேல தண்ணி இருக்கற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியத் தாண்டாது, கறி சிவந்து மணம் வர்ற வேலை 140 டிகிரி பக்கம் தான் சூடு பிடிக்கும், அப்போ முதல் ரெண்டு நிமிஷம் நீங்க கறிய வாட்டல, தண்ணிய காய வெச்சிருக்கீங்க. காலைலயே உப்பு தடவி ஃப்ரிட்ஜ்ல மூடாம வெச்சிட்டு ஆபீஸ் போங்க, ராத்திரி பேப்பர் டவல்ல ஒத்தி எடுத்துட்டுப் போடுங்க, அப்புறம் சொல்லுங்க.

தணல்தாசன்:
// காஸ்ட் அயர்ன் சட்டி ஒண்ண உள்ள வெச்சு மூடிருங்க //
சட்டில தான் வாட்டணும்னா எதுக்கு சார் தோட்டத்துக்குப் போகணும்? சமையல் ரூம் அடுப்புல வெச்சா ஆறு நிமிஷத்துல அதே சூடு. இது எப்படி இருக்குன்னா, கார் வாங்கிட்டு அதத் தள்ளிக்கிட்டே நடந்து போற மாதிரி இருக்கு.

கணக்கும் சொல்றேன். ஒரு கிலோ பெல்லட் எரிஞ்சா சுமார் 17,000 பிடியு (சூட்ட அளக்கற அலகு). முழு வேகத்துல மணிக்கு ஒரு கிலோ, கொஞ்சம் கூட போகும்னு வெச்சுக்குங்க, இருபதாயிரம் பக்கம் நிக்கும். மூணு பர்னர் கேஸ் கிரில் சாதாரணமா முப்பதாயிரத்துக்கு மேல. பத்து நிமிஷத்துல ரெடி. இத எந்த சட்டியும் சரிக்கட்டாது.

பெல்லட்பித்தன்:
வீட்டுக்குள்ள காஸ்ட் அயர்ன்ல ஸ்டேக் போட்டு பார்த்திருக்கீங்களா, ஸ்மோக் அலாரம் கத்தி பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டுவார், மறுநாள் தலகாணி வரைக்கும் கொழுப்பு வாடை. அதுக்குத் தான் வெளிய. பிடியு கணக்கு சரி தான், ஒத்துக்கறேன், ஆனா கேஸ் கிரில்லுக்கு பின்னாடி பெரிய ஓட்டை, சூடு பாதி வெளிய போயிட்டே இருக்கும், இது மூடி வெச்ச பெட்டி.

ஆனா நான் சொல்ல வர்றது அது இல்ல. கடிகாரத்துல எத்தனை நிமிஷம்ங்கறது ஒண்ணு, அதுல என் நிமிஷம் எத்தனைங்கறது இன்னொண்ணு. பட்டன அமுக்கிட்டு நான் குளிக்கப் போயிருவேன், துணி மடிப்பேன், பையனுக்கு கணக்கு சொல்லிக் குடுப்பேன், ஆகர்னு உள்ள இருக்கற திருகு அது பாட்டுக்கு பெல்லட்டத் தள்ளிக்கிட்டு இருக்கும். நீங்க கரி மூட்டணும்னா சிம்னில (கரி மூட்டற தகர உருளை) போட்டு பதினஞ்சு இருபது நிமிஷம், அதுக்குள்ள ரெண்டு தடவ போய்ப் பார்க்கணும், கொட்டணும், பரப்பணும், சமைக்கும்போது கொழுப்பு சொட்டி தீ எழும்பினா இடுக்கியோட அங்கயே காவல். எட்டு மணி பசில அந்த காவல் வேலை எனக்கு வேண்டாம்.

கம்பிமேல்கண்:
சண்டைக்கு நடுவுல கொஞ்சம் அளவு தர்றேன். என்கிட்ட லேசர் தெர்மாமீட்டர் இருக்கு (பளபள ஸ்டீல் மேல காட்டினா அது பொய் சொல்லும், கருப்பு காஸ்ட் அயர்ன்னா நம்பலாம்). ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ராத்திரி எடுத்தது: டிஸ்ப்ளே 250 தொட்டப்போ உள்ள இருந்த சட்டி 195 தான். இன்னும் பத்து நிமிஷம் விட்டேன், 230. ஃபயர்பாட்டுக்கு நேர் மேல தள்ளி வெச்சேன், அங்க 250 வந்துச்சு. அதே சட்டி, ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒரு சாண் நகர்த்தினதுல வந்த வித்தியாசம் அது.

அதாவது டிஸ்ப்ளே காட்டறது அந்த சென்சார் பக்கத்துல இருக்கற காத்தோட சூடு, இரும்போடது இல்ல. மணி அடிச்சதும் போடறது தான் பாதிப் பேர் பண்ற தப்பு. ஆனா இதையும் சொல்லணும், அந்த பத்து நிமிஷத்தயும் கூட்டினா 37 ஆச்சு, ஏழரைக்கு வந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்ல.

சில மாடல்ல நடுத் தகட்ட நகர்த்தினா தீ நேரா மேல வரும், ரெண்டு கை அகல இடம் தான், ஆனா அங்க கறி நிஜமாவே கருகும். ஏழரை, உங்களுதுல அந்த நெம்புகோல் இருக்கா பாருங்க.

ஏழரைமணிப்பசி:
இல்லைங்க, முழுத் தகடு தான்.

தணல்தாசன்:
பாருங்க. அது இந்த வேலைக்குப் பொறந்ததே இல்ல. 1980கள்ல அமெரிக்காவுல ஓரிகன்ல ட்ரேகர் குடும்பம் இத உருவாக்கி 1986ல பேடன்ட் வாங்கினாங்க, நிதானமா புகைல வேக வைக்கறதுக்குப் பேர் போனது அது. 2006ல பேடன்ட் முடிஞ்சதும் ஆளாளுக்கு செய்ய ஆரம்பிச்சு, போட்டில "இது கிரில், ஓவன், ஸ்மோக்கர் எல்லாம்"னு அட்டைப்பெட்டி மேல அச்சடிச்சுட்டாங்க. நீங்க அட்டைப்பெட்டிய நம்பி வாங்கிட்டீங்க, அவ்ளோ தான்.

இன்னொரு கூத்து. நெருப்பில்லாம புகையாதும்பாங்க, இந்த மெஷின்ல தலைகீழ். நெருப்பு ஏற ஏற புகையே வராது, பெல்லட் சுத்தமா எரிஞ்சிரும். புகை வாசம் வேணும்னா நூறு டிகிரி பக்கம் இருக்கணும். 260ல சூடும் பத்தல, வாசமும் இல்ல, அப்புறம் எதுக்கு மரம்?

பெல்லட்பித்தன்:
வாசம் கம்மி, இல்லன்னு சொல்லாதீங்க. அது சரி, ஸ்டேக்கத் தவிர உலகத்துல கறியே இல்லையா? எலும்போட கோழித் தொடை, 220ல வெச்சு மூடினா நாப்பது நிமிஷம், நடுவுல ஒரு தடவ திருப்பினா போதும், தோல் மொறுமொறுன்னு வரும். கோழி 74 டிகிரி வந்தா சாப்பிடலாம், ஆனா தொடைய 80 தாண்ட விடுங்க, அப்போ தான் அந்த ரப்பர் தன்மை போகும். இதுக்கு தணல் தேவையே இல்ல, சொல்லப்போனா சுத்துற காத்து தான் இதுக்கு சரி. காளான், குடமிளகாய், மீன் துண்டு எல்லாம் அப்படித்தான். மெல்லிசு ஸ்டேக்குக்கு இது சரியில்லன்னு வேணா நான் எழுதிக் குடுத்துர்றேன், வெச்சுக்கங்க. தடிசா இருந்தா 110ல மெதுவா உள்ள 47, 48 வர்ற வரைக்கும் விட்டு எடுத்துட்டு, அப்புறம் சட்டிய முழு சூட்டுல ஏத்தி பக்கத்துக்கு ஒரு நிமிஷம். ஆனா அது லீவு நாள் வேலை.

சாம்பல்வாளி:
யாரும் சொல்லாத ஒண்ணு. ஞாயித்துக்கிழமை பன்றித் தோள் ஒன்பது மணி நேரம் போட்டேன். திங்க ராத்திரி அவசரத்துல அப்படியே 260க்கு ஏத்திட்டேன். ட்ரேல தேங்கின கொழுப்பு பத்திக்கிச்சு. மூடி இடுக்குல இருந்து கருப்பு புகை. திறந்து பாருன்னு கை துடிச்சுது, திறக்கல, திறந்தா காத்து போய் இன்னும் கொளுந்து விட்டிருக்கும். ஆஃப் பண்ணி, பிளக்கப் பிடுங்கிட்டு, தள்ளி நின்னு வேடிக்கை பார்த்தேன். கால் மணி நேரத்துல தானா அடங்குச்சு. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க.

தீ இல்லாத நாள்ல பிளக்கப் பிடுங்காதீங்க, ஷட்டவுன் பட்டன் தான். ஃபேன் ஓடி பாட்ல மிச்சம் இருக்கற பெல்லட் எரிஞ்சு முடியணும், இல்லன்னா கங்கு ஆகர் வழியா ஹாப்பர் (பெல்லட் கொட்டி வைக்கற பெட்டி) பக்கம் பின்னாடி ஏறும்.

தணல்தாசன்:
ஆக, 37 நிமிஷம் பிரீஹீட், அதுக்கு முன்னாடி ட்ரே சுரண்டல், பாட்ல சாம்பல் வாரல். அவசர சமையல்!

பெல்லட்பித்தன்:
ட்ரேல ஃபாயில் போட்டு வெச்சா உருவிப் போட்டு வேற போட அரை நிமிஷம் ஆகாது. நீங்க என்னமோ கேஸ் கிரில்ல கழுவவே மாட்டேங்கற மாதிரி பேசறீங்க.

ஏழரைமணிப்பசி:
சரி, நேத்து பண்ணிப் பார்த்துட்டேன். காலைல தொடைக்கு உப்பு தடவி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். மதியம் வீட்ல இருந்தவங்ககிட்ட ட்ரேல புது ஃபாயில் போடச் சொல்லிட்டேன். 7:32க்கு பட்டன், சட்டி உள்ள, ஃபயர்பாட்டுக்கு நேர் மேல. 7:58க்கு டிஸ்ப்ளே 250, பொறுமை இல்ல, மூணு நிமிஷம் தான் விட்டேன். எலும்பில்லாத தொடைய தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி வெச்சேன், இந்த தடவ சத்தம் கேட்டுச்சு, அடுத்த ரூம் வரைக்கும் கேட்டுச்சு. ஆனா ஆர்வக்கோளாறுல மூடிய மூணு தடவ திறந்துட்டேன், சூடு 190க்கு இறங்கி, மெஷின் பயந்து பெல்லட்ட அள்ளித் தள்ளி, அப்புறம் 280 வரைக்கும் எகிறிருச்சு. ஒரு துண்டு ஓரம் கருகல். மத்ததெல்லாம் தோல் கண்ணாடி மாதிரி உடைஞ்சுது, உள்ள 81.

தட்டுக்கு வந்தப்போ மணி 8:21. பிஸ்கட் பாக்கெட் 8:17க்கே பிரிஞ்சிருச்சு.

தணல்தாசன்:
கேஸ்ல 8:05.

பெல்லட்பித்தன்:
நாளைக்கு வண்டி நிறுத்தும்போதே போன்ல செட்டிங்ஸ் எல்லாம் தயாரா வெச்சுக்கங்க, ஷூ கழட்டறதுக்கு முன்னாடி பட்டன். அஞ்சு நிமிஷம் மிச்சம். மூடியத் திறக்கற கைய மட்டும் கட்டிப் போடுங்க.

சாம்பல்வாளி:
பிஸ்கட்ட மேல் ஷெல்ஃப்ல வைங்க.