புதுப்பிப்பு: கிரான் பணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடிய சிக்கல் தீர்ந்தது

காரைக்குடியில் எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் கடையின் இருப்பைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட், முந்தைய ஓட்டம் முடியும் முன்பே மறுபடியும் தொடங்கி, ஒரே ஆர்டரை இருமுறை கழித்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். குறித்த நேரங்களில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் (cron), முந்தையது முடிந்ததா என்று பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அது இருந்தால் புதிய ஓட்டத்தைத் தடுக்கும் பிஐடி (PID) கோப்பு முறையைச் சிலர் பரிந்துரைத்தார்கள்; அதை நான் ஏற்கவில்லை. மின்வெட்டில் கணினி அணைந்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடந்து, அடுத்து வரும் ஓட்டங்களையும் தடுத்துவிடக்கூடும்.

கிரான் வரியிலேயே, ஒரு கோப்பின் மேல் பூட்டுப் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டும் ஃப்ளாக் (flock) கட்டளையை மைனஸ் என் (-n) தெரிவுடன் சேர்த்தேன். பூட்டு வேறொரு ஓட்டத்திடம் இருந்தால் புதியது காத்திராமல் விலகிவிடுகிறது. ஸ்கிரிப்ட் பிழையால் பாதியிலேயே முடிந்துபோனாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே பூட்டை விடுவித்துவிடுகிறது. ஆனால், ஸ்கிரிப்ட் பின்னணியில் விட்டுச்செல்லும் துணைச் செயல்முறை ஏதேனும் இருந்தால் அது பூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால், அத்தகைய இடங்களில், பூட்டு ஸ்கிரிப்டுக்கும் அதன் துணைச் செயல்முறைகளுக்கும் போகாமல் தடுக்கும் மைனஸ் ஓ (-o) தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.